கம்பம் பள்ளத்தாக்கில் ஓட வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் ஆகிய ஊர்களிலும் மலைக்கு மேலே குமுளியிலும் காலையில் ஓட வருகிற தமிழர்கள் கடந்த சில ஆண்டுகளில் பெருகியிருக்கிறார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், சர்க்கரை கூடியதால் மருத்துவர் சொல்லி வந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் முன் அரை மணி நேரத்தைத் தமக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பெண்கள், திராட்சைத் தோட்டக்காரர்கள் எனப் பலரும் அவர்களில் உண்டு. இந்தச் சாலைகளில் பதினான்கு ஆண்டுகளாக ஓடிவருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரம் கண்டுபிடித்து ஓடுகிறவர்களை மனத்தில் வைத்தே ஒவ்வொரு விடையும் எழுதப்பட்டது.

இதுவரை ஓடியதே இல்லை. எப்படித் தொடங்குவது?

நடையில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் விரைவாக நடந்த பிறகு ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மீண்டும் ஒரு நிமிடம் ஓடி, இப்படியே மொத்தம் அரை மணி நேரம் செய்யுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு ஓட்ட நாள்களுக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி இருக்கட்டும். ஒரு வாரம் எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் ஓடும் நேரத்தை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கூட்டுங்கள். முடியவில்லையென்றால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டரை, மூன்று மாதங்களில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடும் நிலைக்குப் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். நான்கு மாதம் எடுத்துக்கொண்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் இன்றும் ஓடுகிறார்கள்.

எல்லோரும் மெதுவாக ஓடு என்கிறார்கள். மெதுவாக ஓடி என்ன பயன்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சரியாகப் புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பக்கத்தில் ஓடுகிறவரிடம் நேற்று நடந்ததை மூச்சிரைக்காமல் முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிகிற வேகத்தைத்தான் மெதுவான வேகம் என்கிறோம். இரண்டு சொல்லுக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது உங்களுக்கு வேகமான ஓட்டம். கைக்கடிகாரம் எதுவும் இல்லாமல் எவரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. இந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓடும்போது, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு மாதக் கணக்கில் கூடிக்கொண்டே வருகிறது. தசைகளைச் சுற்றி நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. தசை செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் அதிகரிக்கின்றன. உடல் தன் கொழுப்பை எரிபொருளாக எடுத்துக்கொள்ளப் பழகுகிறது. மூச்சுத் திணற ஓடினால்தான் இவை நிகழும் என்று நினைப்பது தவறு. திணற ஓடுகிறவர் பத்து நிமிடத்தில் நின்றுவிடுவார். மறுநாள் கால் வலிக்கும். மூன்றாம் நாள் வரமாட்டார்.

உலகின் முன்னணி நீண்டதூர ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எளிதான வேகத்தில்தான் ஓடுகிறார்கள். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைச் சிகாகோ நகரில் 2023-இல் 2 மணி 35 விநாடியில் ஓடி முடித்த கெல்வின் கிப்டம் பிறந்த கென்யாவில், காலை ஓட்டத்தின் முதல் சில நிமிடங்களை நடைக்குச் சற்றே மேலான வேகத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊரிலோ, டீக்கடையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில், அந்த இடத்தைக் கடக்கும்வரை வேகத்தைக் கூட்டிவிட்டு அப்புறம் மூச்சு வாங்கி நிற்பவர்களைக் காண்கிறேன். பார்க்கிறவர்கள் இரண்டு வாரம் பார்ப்பார்கள்; மூன்றாம் வாரத்தில் நீங்களும் பால்காரரைப் போலவே அந்தச் சாலையின் வழக்கமான காட்சியாகிவிடுவீர்கள்.

எந்தச் சாலையில் ஓடுவது நல்லது?

வாய்க்கால் கரைகளும் 18-ஆம் கால்வாயை ஒட்டிய மண் பாதைகளும் முதல் தேர்வு. தார்ச் சாலையைவிட அங்கே வாகனம் குறைவு; மண் ஓரளவு விட்டுக்கொடுக்கும். ஆனால் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்திருக்கும் காலத்தில் கரை ஈரமாகி வழுக்கும் என்பதால் வளைவுகளில் நடந்து செல்லுங்கள்.

நெடுஞ்சாலையில் ஓட வேண்டியிருந்தால் நேரத்தைக் கவனியுங்கள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் கேரளத்து மலைகளுக்குப் போகும் ஜீப்புகள் விடியும் நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விரையும். எதிரில் வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை அணியுங்கள். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாட்டுக் கேட்காதீர்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் இரவும் பகலுமாக வரும். கம்பம்மெட்டுச் சாலையையும் குமுளிச் சாலையையும் ஒருவழிப் பாதையாக மாற்றுவதும் உண்டு. அந்த இரண்டு மாதமும் மலைச்சாலைகளை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே ஓடுவதுதான் பாதுகாப்பு.

வனத்தை ஒட்டிய பாதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. சுருளி அருவிப் பக்கமும் குமுளி மலைச்சாலையிலும் நன்றாக வெளுக்கும் முன் ஓடவே கூடாது. வெளுத்த பிறகும் தனியாகப் போக வேண்டாம்.

ஆடிக் காற்றில் ஓட முடியவில்லையே?

தென்மேற்குப் பருவத்தில் மழையின் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிடுகிறது. நமக்கு வந்து சேர்வது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் நோக்கி ஓடினால் அது முகத்தில் அறையும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. உடம்பு புதிதாக இருக்கும்போதே காற்றை எதிர்த்து லோயர் கேம்ப் பக்கம் ஓடிவிட்டு, களைத்த பிறகு காற்று முதுகில் தள்ள வீட்டுக்குத் திரும்புங்கள். மாற்றிச் செய்தால் போகும்போது பறப்பது போல் இருக்கும். வியர்த்த உடம்புடன் எதிர்காற்றில் திரும்பும்போது குளிரும், கால்களும் ஒத்துழைக்காது. எதிர்காற்றில் கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை மறந்துவிட்டு, வழக்கமான மூச்சளவை மட்டும் காத்துக்கொள்ளுங்கள்.

நான் ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறேன். காலையில் ஜீப்பில் போனால் மாலையில்தான் வீடு. நானும் ஓட முடியுமா?

முடியும். ஆனால் மற்றவர்களுக்குச் சொல்லும் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. சரிவில் ஏறி இறங்கி, குனிந்து காய் பறித்து, சுமை தூக்கி நாள் முழுவதும் உழைத்த கால்கள் உங்களுடையவை. அந்த உழைப்பைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காமல், நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவரின் அட்டவணையை நீங்களும் பின்பற்றினால் உடம்பு தேறுவதற்கு நேரமே கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது நிமிடம், வாரத்தின் நடுவில் ஒரு மாலை இருபது நிமிடம் என்று தொடங்குங்கள். வேலைக்குப் போகும் நாள்களில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். அந்த ஒரு மணி நேரத் தூக்கம் உங்களுக்கு ஓட்டத்தைவிட அதிகம் செய்யும். மேடேறுவதில் உங்களுக்குள்ள பலம் சமவெளியில் வளர்ந்த ஓட்டக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓட வேண்டும். ஏழரை நிமிடத்துக்குக் கீழே வரமுடியவில்லை. என்ன செய்வது?

ஆண்களுக்கான தகுதி 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிப்பது. முதலில் கணக்கைப் பாருங்கள். 400 மீட்டர் தடகளத்தில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. இது பயமுறுத்தும் வேகம் இல்லை. தோற்கிறவர்களில் பெரும்பாலோர் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிட்டு, மூன்றாம் சுற்றில் கால் எழாமல் நின்றுபோகிறவர்கள்தான்.

தினமும் 1500 மீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். அது பயிற்சியே இல்லை. தினமும் தேர்வு எழுதுவது போன்றது. வாரத்தில் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் முப்பது முதல் நாற்பது நிமிடம் ஓடுங்கள். ஒரே ஒரு நாள், நன்றாக உடம்பைச் சூடேற்றிய பிறகு, 400 மீட்டரை 1 நிமிடம் 48 விநாடி அளவில் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். நான்கு முறையில் தொடங்கி ஆறு முறை வரை கொண்டு செல்லலாம். ஆறாவது முறையும் முதல் முறையின் அதே நேரத்தில் முடிந்தால் பயிற்சி சரியாக நடக்கிறது என்று பொருள். எட்டு, பத்து வாரம் இதைச் செய்து, தேர்வுக்கு முந்தைய வாரம் அளவைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தேர்வன்று முதல் 300 மீட்டரை 1 நிமிடம் 24 விநாடிக்கு முன்னால் முடிக்காமல் உங்களைப் பிடித்து நிறுத்துவதுதான் அன்றைய மிகக் கடினமான வேலை.

பெண்கள் ஓடினால் கருப்பைக்குக் கெடுதல் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. இதே போன்ற நம்பிக்கையால்தான் உலக அளவிலும் பெண்கள் நெடுங்காலம் தடுக்கப்பட்டார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் 1984-இல்தான் முதன்முதலாக நடந்தது. மாதவிலக்கு நாள்களில் உடம்பு இடம் கொடுத்தால் ஓடலாம், கொடுக்காவிட்டால் ஓய்வெடுக்கலாம். ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், அது உழைப்புக்கு ஏற்ற உணவு கிடைக்கவில்லை என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம். எலும்புத் தேய்மானம் வரை போகக்கூடியது என்பதால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் மகப்பேறு மருத்துவரைக் கேட்டுத் தொடருங்கள்.

நம் மலைக்கு அந்தப் பக்கமே உதாரணங்கள் இருக்கின்றன. இடுக்கி மாவட்டத்துக்காரரான பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தைச் சேர்ந்த பீனாமோள் 2002-இல் புசானில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஏலமும் தேயிலையும் விளையும் அதே மலைகளில் பிறந்த பெண்கள் இவர்கள்.

உடையைப் பற்றியும் கேட்கிறார்கள். சுடிதாரில் ஓடலாம், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். மார்பகங்களை அசையாமல் தாங்கும் விளையாட்டு உள்ளாடை ஒன்றுக்கு மட்டும் பணம் செலவழிக்கத் தயங்காதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வந்தால் வீட்டாரின் கவலையும் குறையும், விடிகாலை இருட்டின் அச்சமும் குறையும்.

ஷூ கட்டாயமா? எங்கள் அப்பா வெறுங்காலோடு வயலில் ஓடியவர்.

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து மறுபடியும் வென்றார். ஆகவே இரண்டும் இயலும். ஆனால் குழந்தைப் பருவத்திலிருந்து செருப்பில்லாமல் வளர்ந்த பாதமும், பத்து வருடம் ஷூவுக்குள் இருந்த பாதமும் ஒன்றல்ல. கண்ணாடிச் சில்லும் முள்ளும் கிடக்கும் சாலைகளில் ஷூ அணிவதே நல்லது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கும்படி வாங்குங்கள். விலை அதிகமானதைவிட உங்கள் காலுக்கு முதல் நிமிடத்திலேயே இதமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதியின் மென்மை போய்விடும்.

வலி வந்தால் ஓடலாமா, நிறுத்த வேண்டுமா?

வலிகள் எல்லாம் ஒன்றில்லை. ஓடிய மறுநாள் தொடையிலும் கெண்டைக்காலிலும் பரவலாக இருக்கும் வலி, தசை புதிய வேலைக்குப் பழகுவதால் வருவது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். குறிப்பாக இறக்கத்தில் ஓடினால் இது அதிகம், ஏனென்றால் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் குதிகால் குத்தினால், அது உள்ளங்காலின் தசைநார்ப் பட்டை நைந்திருப்பதன் அடையாளம். ஓட்டத்தைக் குறைத்து, கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் தினமும் நீட்டிப் பழக்கினால் மெல்ல ஆறும். முழங்கால் சிப்பியைச் சுற்றி வரும் வலிக்கு இடுப்பு, தொடைத் தசைகளின் பலவீனமும் ஒரு காரணம். உட்கார்ந்து எழும் பயிற்சியையும் படியேறும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அஞ்சும் வலி வேறு ஒன்று. எலும்பின் மேல் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய அளவில், ஓட ஓடக் கூடிக்கொண்டே போய், பிறகு நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் செல்லுங்கள். அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். ஓடத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், நெஞ்சும் மூச்சும் நன்றாகப் பழகிவிட்டன என்ற தைரியத்தில், லோயர் கேம்ப்பிலிருந்து மலைச்சாலையில் தினமும் ஏறி இறங்கினேன். ஐந்தாவது வாரத்தில் கணுக்காலுக்கு மேலே வலி தொடங்கியது. தைலம் தேய்த்துக்கொண்டு மேலும் பத்து நாள் ஓடினேன். முதலில் எடுத்த எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில்தான் விரிசல் தெரிந்தது. மூன்று மாதம் ஓட முடியவில்லை. அப்போது மருத்துவர் விளக்கியதை இன்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் தேவை. மூச்சு முடியும் என்று சொல்லும்போது எலும்பு இன்னும் தயாராகாமல் இருக்கும். ஆகவே தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூன்று வாரம் கூட்டிய பிறகு நான்காம் வாரம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும் முன் என்ன சாப்பிடுவது? எவ்வளவு தண்ணீர் குடிப்பது?

ஒரு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டத்துக்கு ஒன்றும் சாப்பிட வேண்டிய அவசியமில்லை. வேண்டுமானால் ஒரு வாழைப்பழம். ஓடிய பிறகு இட்லி, சாம்பார், ஒரு முட்டை அல்லது சுண்டல் என்ற நம் வீட்டு உணவே போதுமானது. கடையில் விற்கும் புரதப் பொடிகள் சாதாரண ஓட்டக்காரருக்குத் தேவைப்படாது.

தாகத்துக்குக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்தில் அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் குழப்பமும் வரலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில் உப்புப் போட்ட நீர்மோர் நன்று. சித்திரை, வைகாசி வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும் என்பதால் அந்த இரண்டு வாரம் வேகத்தைக் குறையுங்கள். கூட ஓடுகிறவர் தடுமாறினாலோ, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பேசினாலோ, அதை வெறும் களைப்பு என்று எண்ணாதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது, சர்க்கரையும் உண்டு. ஓடலாமா?

மருத்துவரிடம் இதயத்தைச் சோதித்துக்கொண்ட பிறகு ஓடலாம். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கு ஓட்டத்தின்போது சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். அதனால் பையில் குளுக்கோஸ் பொட்டலத்தை வைத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் நின்று அதைச் சாப்பிடுங்கள். கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம்தான், ஆனால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஓடி முடித்ததும் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகிவிடும். நெஞ்சில் அழுத்தமோ இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியோ வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள், உதவி கேளுங்கள்.

நாய் துரத்தினால்?

ஓட்டத்தை நிறுத்தி, நாயைப் பார்த்தபடியே மெதுவாக நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மீதித் தவணைகளையும் தவறவிடாதீர்கள்.

இரண்டு மாதம் ஓடினேன். அறுவடை, கல்யாணம், காய்ச்சல் என்று விட்டுப்போயிற்று. மறுபடி வர வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. திராட்சை வெட்டும் நாள்களில் தோட்டக்காரர் ஓட முடியாது. நாற்று நடும் வாரத்தில் வயலில் நிற்க வேண்டியவர் வயலில்தான் நிற்க வேண்டும். வாழ்க்கை நடுவில் வந்ததைத் தோல்வி என்று எழுதிக்கொள்ளாதீர்கள். இரண்டு மூன்று வாரம் விட்டவர் பழைய தூரத்தில் பாதியிலிருந்து தொடங்கலாம். இரண்டு மாதத்துக்கு மேல் விட்டவர் நடையும் ஓட்டமும் கலந்த முதல் வாரத்துக்கே திரும்பட்டும். முதல் முறையைவிட இந்த முறை உடம்பு சீக்கிரம் மீண்டுவரும். காய்ச்சலில் இருந்து எழுந்தவர்கள் மட்டும், காய்ச்சல் முற்றிலும் விட்டு, பசி திரும்பி, சாதாரண நடையில் களைப்புத் தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள்.

கரைக்கு வந்து நில்லுங்கள். எத்தனை நாள் வரவில்லை என்று யாரும் கணக்குக் கேட்கமாட்டோம்.

குமுளி வரை மலைச்சாலையில் ஓடி ஏற வேண்டும் என்பது என் ஆசை. எப்போது முயலலாம்?

சமதளத்தில் ஒன்றரை மணி நேரம் களைக்காமல் ஓட முடிந்த பிறகு முயலுங்கள். லோயர் கேம்ப்பிலிருந்து ஆறு, ஏழு கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அதற்கு முன் இரண்டு மாதம், வாரம் ஒரு நாள், ஊரருகே உள்ள சிறு மேடு ஒன்றில் ஒரு நிமிடம் ஏறி, நடந்து இறங்கி, மீண்டும் ஏறிப் பழகுங்கள். அடியைச் சுருக்கி, இடுப்பை வளைக்காமல் கணுக்காலிலிருந்து சற்றே முன்சாய்ந்து, பத்துப் பதினைந்து அடி தள்ளிச் சாலையைப் பார்த்தபடி ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உட்புறம் செங்குத்தாக இருப்பதோடு, பேருந்து ஓட்டுநருக்கு அங்கே ஆள் தெரியாது. வளைவு வரும் முன்பே வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுங்கள். மூச்சு பேச்சைத் தடுக்கும் இடத்தில் தயங்காமல் நடங்கள். நடந்து ஏறியவரும் ஏறியவர்தான். பாதி வழியில் தண்ணீர்க் குழாய்கள் மலையிலிருந்து இறங்குவது தெரியும் இடத்தில் இரண்டு நிமிடம் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள், நீங்கள் ஓடிப் பழகிய பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்திருக்கும். மேலே ஈரச் சாரல் இருக்கக்கூடும் என்பதால் காய்ந்த சட்டை ஒன்றை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். குமுளியில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டு, முதல் தடவை மட்டும் இறங்குவதற்குப் பேருந்தையே பிடியுங்கள். அந்த இறக்கத்தை உங்கள் தொடைகள் இன்னும் சில மாதம் கழித்துத் தாங்கும்.